பெருங்கணவாய் வந்த இருபத்திரண்டாம் தேதி

குறிப்பு எண் 1
2025 ஜனவரி 9, வியாழக்கிழமை, காலை 6.40 மணி
ஆய்வுக் கப்பல் 'நீலாஞ்சனா', ராஸ் கடல், அண்டார்க்டிகா

அன்புள்ள அமலோற்பவம்,

"நீங்க கடிதாசி எழுதுனா பரீட்சைக் கேள்வித்தாளு மாதிரி இருக்கு. டைரி எழுதி அப்படியே அனுப்பிருங்க" என்று தூத்துக்குடி விமான நிலையத்தில் நீ கேட்டுக்கொண்டபடி இன்று தொடங்குகிறேன். ஒவ்வொரு குறிப்புக்கும் எண் இட்டிருக்கிறேன். வரிசை மாற்றிப் படிக்க வேண்டாம். முதல் சில நாட்கள் கடல் கொந்தளிப்பால் பேனாவைப் பிடிக்க இயலவில்லை. பேனாவை மட்டுமே குறிப்பிடுகிறேன். நீ வேறெதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

இங்கே இப்போது சூரியன் மறைவதில்லை. வானத்தை வளைய வந்துகொண்டே இருக்கிறது. மற்ற ஊர்களில் இருட்டினால் நாள் முடிந்தது என்று எவரும் சொல்லிவிடலாம். இங்கே தேதியைக் காப்பாற்றுவது தனிமனிதனின் பொறுப்பாகிவிடுகிறது. நம் உப்பளக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டரை அறையில் மாட்டியிருக்கிறேன். தாளைக் கிழித்த பிறகே சவரம்.

என் வேலை எளிது. ஆள் உயரம் வளரும் பல்மீன் என்ற குளிர்கடல் மீனை ஆய்வுக்காகப் பிடிக்கிறார்கள். அதன் வயிற்றில் கிடக்கும் கணவாய் அலகுகளை எடுத்து, அளந்து, எந்த இனத்தினுடையது என்று நான் சொல்ல வேண்டும். கிளி மூக்கைப் போன்ற அந்தக் கறுத்த அலகு எந்த வயிற்றிலும் எளிதில் செரிக்காது. எழுபத்தைந்து வயதுக்காரனை அழைத்ததற்குக் காரணம் அதுதான். நான் வந்ததற்குக் காரணம் வேறு.

நம் திருமணம் நடந்த வாரத்தில் தபாலில் வந்த பொட்டலத்தைக் கல்யாணப் பரிசு என்று எண்ணி நீ பிரித்தாய். உள்ளே, இந்தக் குளிர்கடலில் மட்டுமே வாழும் பெருங்கணவாயின் அலகு. அன்று நீ அலறியதைக் கேட்டு அடுத்த வீட்டார் ஓடிவந்தார்கள். அது இன்றும் நம் அலமாரியில் குழந்தை இயேசு சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. "அலகை மட்டும் காமிச்சே அம்பது வருசத்த ஓட்டிட்டீங்க. உசுரோட இருக்கதோட மூஞ்சிய ஒரு நாளாவது காமிங்க" என்றாய். பொன்விழா நாளன்று காட்டுகிறேன் என்று வாக்களித்தேன். 2025 ஜனவரி 22, புதன்கிழமை. 1975லும் அன்று புதன்கிழமையே. அந்த ஆண்டின் கிழமைகளும் இந்த ஆண்டின் கிழமைகளும் நாளுக்கு நாள் ஒன்றே. இதை நான் தற்செயல் என்று கொள்ளவில்லை.

குறிப்பு எண் 2
2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.00 மணி

இன்று ஒரு பல்மீனின் வாயில் பெருங்கணவாயின் கைத்துண்டு ஒன்று சிக்கி வந்தது. என் தொடையின் கனம். உறிஞ்சிகளுக்கு நடுவே கொக்கிகள் வரிசையாக இருந்தன. இவ்விலங்கின் கொக்கிகளில் சில தம் அச்சில் சுழலக்கூடியவை. விரலால் சுழற்றிப் பார்த்தேன். சரிபார்ப்பதற்காக இரண்டாம் முறை சுழற்றினேன். மூன்றாம் முறை சுழற்றியதற்கு அறிவியல் காரணம் இல்லை.

கப்பலின் சமையற்காரர் கித்தேரியான், மணப்பாட்டுக்காரர், ஐம்பது வயது இருக்கும். நான் குனிந்திருந்த வேளையில் ஓரத்துத் தசையில் ஒரு துண்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கால் மணி நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். (இனி, பிறர் பேச்சை அப்படியே எழுதுவேன். என் பேச்சை மட்டும் திருத்தி எழுதுவேன்.)

"சார், இது கணவாயா, கக்கூசு கழுவுத மருந்தா? மொளகுத்தூள் போட்டேன், எலுமிச்ச பிழிஞ்சேன், ஒண்ணுத்துக்கும் அடங்க மாட்டேங்கு. அடுப்படிக்குள்ள நிக்க முடியல."

"அதன் உடல் நெடுக அம்மோனியா கலந்த நீர் இருக்கிறது. அது கடல்நீரைவிட இலேசானது. அதனால் அதிகம் நீந்தாமலே மிதக்க இயலும்" என்றேன்.

"நீந்தலன்னா சோத்துக்கு?"

"காத்திருக்கும். அதன் உடம்பு மிக மெதுவாகச் செலவழிக்கிறது. ஐந்து கிலோ மீன் ஒன்று அகப்பட்டால் அரை ஆண்டு தாங்கும் என்பது கணக்கு."

"எம் மச்சினன் இப்படி இருந்தா எம்புட்டு நல்லா இருக்கும்" என்று சொல்லி, சட்டியைக் கடலில் கவிழ்க்கப் போனார். இக்கடலில் எதையும் கொட்டக் கூடாது என்ற விதியை நினைவூட்டினேன்.

குறிப்பு எண் 3
2025 ஜனவரி 13, திங்கட்கிழமை, இரவு 8.00 மணி (வெயில்)

காதுக் கருவிக்கு மின்கலம் மாற்றினேன். வேறொன்றுமில்லை.

குறிப்பு எண் 4
2025 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை, பொங்கல், இரவு 7.15 மணி

கித்தேரியான் மின்னடுப்பில் பொங்கல் வைத்தார். பானை பொங்கியபோது, கயிறு சுற்றி இழுக்கும் விஞ்ச் பொறியை இயக்கும் பாண்டுரங் தாண்டேல் கப்பலின் சங்கை ஊதிவிட்டார். இவர் ரத்னகிரிக்காரர்; எதற்கும் ஆடக் காத்திருக்கும் மனிதர்.

இன்று முதன்முறையாகக் கேமராவை இறக்கினோம். ஆயிரம் மீட்டர் ஆழம். கணவாயின் கண்ணுக்குப் படாத மங்கலான சிவப்பு விளக்கு, இழுதுமீனைப் (ஜெல்லி மீன்) போல நீலமாக மின்னும் ஒரு பொம்மை, இரையாக ஒரு முழு மீன். இரண்டு மணி நேரத்துக்குப் பின் மேலே எடுத்து ஓட்டிப் பார்த்தோம். அந்த மீனைத் தவிர ஒருவரும் வரவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கப்பல் தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடந்தது. உனக்காக விளக்குகிறேன். பூமியின் மறுபக்கத்தில் வடக்கு தெற்காக ஒரு கோடு உண்டு. கிழக்கு நோக்கிக் கடந்தால் ஒரு நாள் திரும்பக் கிடைக்கும்; மேற்கு நோக்கிக் கடந்தால் ஒரு நாள் போய்விடும். கடக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். ஆனால் கேப்டனோ, கடந்தாலும் கடக்காவிட்டாலும், பயணம் முழுவதும் துறைமுகத்தின் தேதியையே வைத்துக்கொண்டிருக்கிறார். கப்பலில் உள்ள அனைவரும் அவரைப் பின்பற்றுகிறார்கள். இது சோம்பல். நான் விதிப்படியே நடப்பேன்.

குறிப்பு எண் 5
2025 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை (இரண்டாம் முறை), காலை 8.00 மணி

தாள் கிழிக்கவில்லை. காலண்டரின் முன் கித்தேரியான் நெடுநேரம் நின்றார்.

"அப்பம் ஒங்க கணக்குல இன்னைக்கும் பொங்கலா சார்?"

"ஐயமில்லை."

"ஏய் தாண்டேல்! இன்னைக்கும் பொங்கல்டே!"

மறுபடியும் சங்கு. என் காலண்டருக்கு இக்கப்பலில் மரியாதை கூடியிருக்கிறது.

குறிப்பு எண் 6
2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.00 மணி (காலையில் இது 16ஆக இருந்தது)

காலை 11 மணிக்கு மேற்கு நோக்கிக் கடந்தோம். ஒரு தாள் கூடுதலாகக் கிழித்தேன். என் தேதியும் கப்பலின் தேதியும் இப்போது ஒன்று.

கேமராவில் நான்காம் முறையும் ஒன்றுமில்லை. பயணத்தின் தலைவர் டாக்டர் ஹேமலதாவிடம் சென்றேன். சென்னைக்காரர், நாற்பது வயது, எவரையும் காக்க வைக்காதவர்.

"பெருங்கணவாயின் கண் சாப்பாட்டுத் தட்டு அளவு பெரியது. இரை தேடுவதற்கு அவ்வளவு பெரிய கண் தேவையில்லை. தொலைவில் எண்ணெய்த் திமிங்கிலம் வரும்போது, அது இடித்துக்கொண்டு வரும் நுண்ணுயிர்கள் மின்னும். அந்த மங்கல் ஒளியைக் கண்டு விலகத்தான் அந்தக் கண் என்கிறார்கள். அப்படி அஞ்சி வாழும் விலங்கு, நம் கப்பலின் அதிர்வுக்கு அருகே எப்படி வரும்? கப்பலை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் பக்கவாட்டு விசிறிகளை அணைத்துவிட்டு, எட்டு மணி நேரம் கேமராவைத் தொடாமல் விட வேண்டும். அது ஓடி வராது. மெதுவாக வரும்" என்றேன்.

"சார், நீங்க சொல்றது கரெக்டாவே இருக்கலாம். ஆனா பனி டீம், குட்டி இறால் ஆராயுற கிரில் டீம் எல்லாம் வரிசையில நிக்கிறாங்க. எட்டு மணி நேரம் கப்பலை சும்மா போட்டா என்னைக் கடல்ல தள்ளிடுவாங்க. ரெண்டு மணி நேரம். அவ்ளோதான்."

"இரண்டு மணி நேரத்தில் அது முகம் திருப்பக்கூட முடிவு செய்திராது."

"அதுக்கு நான் என்ன சார் பண்ணட்டும்? சீக்கிரம் முடிவு பண்ணச் சொல்லுங்க" என்று சிரித்தார். அவர் மறுத்த விதத்தில் குறை காண இயலவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

குறிப்பு எண் 7
2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, மதியம் 12.10 மணி வரை. அதன்பின் ஜனவரி 20, திங்கட்கிழமை

காலை முழுவதும் பின்தளத்தில் அலகு பிரித்தேன். பக்கத்தில் விஞ்ச் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்ததால் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஓர் ஊர் அளவு பனிமலை குறுக்கே நின்றது. கப்பல் அதைச் சுற்றிக்கொண்டு வளைந்து வளைந்து சென்றது. கித்தேரியான் வந்து, ஒலிபெருக்கியைச் சுட்டி, வாயசைத்து, இரண்டு விரல்களைக் காட்டினார். ஒரு முட்டை போதும் என்று பதில் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார்.

மதியம் கருவியை மாட்டினேன். உடனே, கோட்டை மேற்கு நோக்கிக் கடந்துவிட்டோம் என்ற அறிவிப்பு வந்தது. முதலில் கிழக்கே எப்போது போயிருந்தோம் என்று ஒரு கணம் ஐயம் எழுந்தது. ஆயினும் அறிவிப்பு அறிவிப்புதான். கூடுதலாக ஒரு தாள் கிழித்தேன். செபமாலையில் பாதியை ஞாயிறன்றும் மீதியைத் திங்களன்றும் சொல்லும்படி ஆயிற்று.

மதிய உணவில் முட்டையே இல்லை.

குறிப்பு எண் 8
2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை, மாலை 6.00 மணி

இன்றும் ஒன்றுமில்லை. ஹேமலதா வந்து சொன்னார்: நாளை மாலை கடைசி முறை. அதற்கு மறுநாள் காலை கப்பல் வடக்கே திரும்பிவிடும்.

நாளை 22. அந்த ஒரே நாளில் எனக்கு இருப்பது இரண்டு மணி நேரம். எழுபத்தைந்து வயதில் இன்னொரு முறை இங்கு வர எந்த மருத்துவரும் கையெழுத்திட மாட்டார். அலகைப் பார்த்தே ஆயுளைக் கழித்தவன், அலகைப் பார்த்தே திரும்புவான் என்று தோன்றுகிறது. நீ கேட்டது பெரிய பொருள் அன்று, ஒரு முகம்.

கித்தேரியானிடம் நாளை எங்கள் பொன்விழா என்றேன்.

"நாளைக்கா?" என்று கேட்டு, காலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ தெரியவில்லை. "நமக்கு ரெண்டு பொங்கல் குடுத்த காலண்டரு. அது சொன்னா சரிதான் சார். நாளைக்கே வச்சிருவோம். கேக்கு என் பொறுப்பு."

குறிப்பு எண் 9
2025 ஜனவரி 22, புதன்கிழமை, காலை 5.50 மணி

சற்றுமுன் உன்னோடு பேசியதைப் பதிவு செய்கிறேன். நான் வாழ்த்துச் சொன்னதும் நீ கூறியது:

"என்னங்க, அதுக்குள்ளயா? இன்னும் நாள் கெடக்குல்லா?"

"நீ இருப்பது ஏழரை மணி நேரம் பின்னால். அங்கே இன்னும் 22 பிறக்கவில்லை" என்று விளக்கினேன். "இருவது, இருவத்தொண்ணு" என்று நீ முணுமுணுப்பது கேட்டது. விரல்விட்டு எண்ணினாய் என்று கருதுகிறேன். பிறகு நெடுநேரம் சிரித்தாய்.

"சரிங்க, சரிங்க. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன். கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல இருந்து வெளிய வரும்போதும் அப்படித்தான போனீங்க. மூஞ்சி கெடச்சுதா?"

"இல்லை. இன்றே கடைசி."

"கெடைக்கலன்னா போகட்டும். ஒங்க மூஞ்சியோட வந்து சேருங்க. எனக்கு அது போதும்."

உனக்குப் போதும். எனக்குப் போதாது.

குறிப்பு எண் 10
2025 ஜனவரி 22, புதன்கிழமை, இரவு 11.45 மணி (முழு வெயில்)

எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும்.

மாலை நான்கு மணிக்குத் தாண்டேல் கேமராவை இறக்கினார். ஆறு மணிக்கு எடுக்க வேண்டும். நான் கோட்டு அணிந்து, நீ வைத்துக் கொடுத்த நீலக் கழுத்துப்பட்டை கட்டி, சாப்பாட்டுக் கூடத்துக்குச் சென்றேன். அங்கே கித்தேரியான் தலையில் கைவைத்து நின்றார்.

"மூணு தடவ சுட்டாச்சு சார். மூணு தடவயும் நடுவுல அமுங்கிப் போச்சு. இந்த விசிறி போடுத ஆட்டத்துல கேக்கு எப்படி எந்திரிக்கும்? கேப்டன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

கேப்டன் அதற்கு இணங்கியதை நான் பின்னரே அறிந்தேன். பக்கத்தில் மிதந்த பெரும் பனித்தட்டில் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டி, விசிறிகளை அணைத்துவிட்டாராம். பயணம் தொடங்கியதிலிருந்து முதன்முறையாகக் கப்பல் அசையாமல், ஓசையின்றி நின்றது. நான்காம் கேக் எழும்பியது.

அதன்பின் நடந்ததை முழுமையாகக் கூற இயலாது. ஹேமலதா மேசைமேல் இருந்த தம் கணினியின் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கணினியை மூடிவிட்டுக் கேக்கை வெட்டக் கத்தி கொடுத்தார். தாண்டேல் ஆடினார். பனி டீம் ஆடியது. கிரில் டீம் பாடியது; பாடியிருக்க வேண்டாம். கேமராவை ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்: நானும் நினைக்கவில்லை.

இரவு பத்து மணிக்குத் தாண்டேல் ஆட்டத்தின் நடுவே அப்படியே நின்றார். "கேமரா!" என்று கத்திக்கொண்டு பின்தளத்துக்கு ஓடினார். கயிற்றை அவிழ்த்து, விசிறிகளை ஓடவிட்டு, விஞ்சைச் சுழற்றி மேலே எடுத்தார்கள். ஆறு மணி நேரம் கீழே இருந்திருக்கிறது.

கேக் தட்டுகளோடு கூடத்துச் சுவரின் திரைமுன் அமர்ந்தோம். ஹேமலதா வேகமாக ஓட்டினார். காற்றடிக்கும் நாளில் உப்பளத்தில் பறக்கும் தூளைப் போல வெள்ளைத் துகள்கள் விழுந்துகொண்டே இருந்தன. ஒரு மணி நேரம். இரண்டு. மூன்று. நான் கேக்கைப் பார்க்கத் தொடங்கினேன்.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!" என்றார் கித்தேரியான்.

திரையின் அடிப்பாகம் இருண்டது. அந்த இருட்டு மேலே வந்தது. நீந்தி வரவில்லை, அமலோற்பவம். தண்ணீரே அதை ஏந்திக்கொண்டு வந்ததுபோல வந்தது. கைகளைத் தலைக்குமேல் மடித்து வைத்திருந்தது. அகன்ற துடுப்புகள் மட்டும் எப்போதாவது ஒருமுறை அசைந்தன. பிறகு திரும்பியது. கண். எங்கள் கையிலிருந்த தட்டின் அளவு கண், அதனுள் ஒரு புள்ளி வெளிச்சம்.

அது மீனின் முன்னே நின்றது. பதினேழு நிமிடம் ஒன்றும் செய்யவில்லை. ஹேமலதா வேகமாக ஓட்ட முயன்றார். கூடவே கூடாது என்று நான் தடுத்தேன். பதினேழு நிமிடத்தையும் முழுமையாகப் பார்த்தோம்.

"சாப்பிட்டுட்டு வந்திருக்குமோ?" என்று கித்தேரியான் கிசுகிசுத்தார்.

அப்போது ஒரே ஒரு நீண்ட கை, அவசரமின்றி, நீண்டது. விருந்துக்கு வந்தவர் தட்டிலிருந்து ஒற்றை முறுக்கை எடுப்பதுபோல மீனை எடுத்துக்கொண்டது. கைகள் பூவைப் போல மூடின. ஒரு மணி நேரத்துக்குமேல் அங்கேயே மிதந்தபடி தின்றது. படம் இலேசாக நடுங்கியது. மேலே விசிறிகளை ஓடவிட்ட நேரம் அது. கண்ணில் ஒரு மின்னல். மறுகணம் வெறும் தண்ணீர்.

கூடம் இடிந்து விழும்படி ஆரவாரம். தாண்டேல் என் நெற்றியில் முத்தமிட்டார். நான் மேசைமீது ஏறி நின்றதாகச் சிலர் கூறுகிறார்கள். தவறு. நாற்காலிமீது மட்டுமே.

ஹேமலதா என் அருகே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "விசிறி போட்ட அதே நிமிஷம் போயிடுச்சு சார். நீங்க சொன்னது அப்படியே. எட்டு மணி நேரம் கேட்டீங்க, நான் குடுக்கல. ஒரு கேக் குடுத்துடுச்சு." பிறகு, "நாளைக்குக் கொண்டாடியிருந்தா இது கிடைச்சிருக்காது, நாளைக்கு வடக்கே போயிட்டிருப்போம்" என்றார். பொன்விழாவை நாளை ஏன் கொண்டாட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு குறை. படத்தின் மூலையில் தேதி 21 என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. கேமராவின் கடிகாரம் பழுது என்று ஹேமலதாவிடம் புகார் செய்தேன். "சரி பண்ணிடலாம் சார்" என்று மிகவும் பணிவாகச் சொன்னார். கூடத்தில் இருந்த அனைவரும் ஒரே நேரத்தில் கேக் தின்பதில் கவனமானார்கள்.

குறிப்பு எண் 11
2025 ஜனவரி 22, புதன்கிழமை (இரண்டாம் முறை), பிற்பகல் 3.30 மணி

கப்பல் வடக்கே செல்கிறது. நேற்றைய ஆரவாரத்தின் நடுவே பனித்தட்டு எங்களைக் கோட்டுக்குக் கிழக்கே இழுத்துச் சென்றிருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆகவே இன்றும் 22. இதைக் கித்தேரியானிடம் தெரிவித்தேன். "நானும் அதத்தான் நெனச்சேன் சார்" என்று உடனே ஒப்புக்கொண்டார். இன்று பாயசம்.

செயற்கைக்கோள் தொடர்பு பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கிடைத்தது. படம் உன் கைப்பேசிக்கு வந்தபோது நீ பூசை முடிந்து வந்துகொண்டிருந்தாய் என்று சொன்னாய். உன் சொற்கள்:

"நடு ரோட்டுல நின்னு பாத்தேங்க. ஆத்தாடி, என்ன கண்ணு! பயமாவே இல்ல. பாவமா, சாதுவா இருக்கு. ஆமா, அலகு எங்க?"

"அது கைகளுக்கு நடுவே உள்ளே இருக்கும். வெளியே தெரியாது."

"நல்லா இருக்கு! அம்பது வருசமா அலகு மட்டும். இப்பம் அலகு தவிர மிச்சம் எல்லாம்!" பிறகு குரலைத் தாழ்த்தி, "சொன்ன தேதிக்குச் சரியாக் காமிச்சிட்டீங்க. இன்னைக்குத்தான் இருவத்திரண்டு" என்றாய்.

இன்றுதான் என்ற சொல்லில் நீ கொடுத்த அழுத்தத்தைக் கவனித்தேன். மறுக்கவில்லை. ஒரு நாள் பிந்தியிருந்தால் கேமராவும் இல்லை, முகமும் இல்லை. ஆகவே என் காலண்டரில் பிழை ஏதும் இருந்ததாக எவராலும் நிறுவ இயலாது.

துறைமுகம் சேர்ந்ததும் இதை அஞ்சலில் சேர்ப்பேன்.

அன்புடன்,
இன்னாசி கல்தேரா

இத்துடன் இணைத்திருப்பவை:

1. பெருங்கணவாய், உயிருடன், முகம் தெரியும் படம், ஒன்று. மூலையிலுள்ள தேதியைப் பேனாவால் திருத்தினேன்; பிறகு அத்திருத்தத்தை அடித்துவிட்டேன்.

2. சுழலும் கொக்கியின் பென்சில் படம், உண்மை அளவில். உன்னால் சுழற்ற இயலாது. வந்து நடித்துக் காட்டுகிறேன்.

3. கப்பலில் உள்ள அனைவரும் கையெழுத்திட்ட காகிதத் தட்டு. கேக் கறை கித்தேரியானுடையது.

4. ஜனவரி 22 காலண்டர் தாள்கள் இரண்டு: அச்சிட்டது ஒன்று, நான் கையால் எழுதியது ஒன்று. உனக்குப் பிடித்ததை நீ வைத்துக்கொண்டு, மற்றதை எனக்குக் கொடு.

5. ஜனவரி 20 காலண்டர் தாள், ஒன்று. இதில் அரை நாளை மட்டுமே பயன்படுத்தினேன். மீதி அரை நாளை அலகுக்குப் பக்கத்தில் வைத்திரு. நான் வந்ததும் இருவரும் சேர்ந்து செலவழிக்கலாம்.